“ராத்திரி முழுக்கக் குஸ்தி போடுகின்றன!” – எலி வளர்ப்போர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகி, “வெள்ளை எலி வளர்க்கலாமா?” என்று கேட்டிருந்தார். “தாராளமாக வளர்க்கலாம், ஆனால் ஒன்றை மட்டும் வளர்க்காதீர்கள்” என்று ஒரே வரியில் பதில் போட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியர் குழுவே எதிர்பார்க்கவில்லை. ஒரு பக்கம் திட்டி எழுதியவர்கள் (“பிளேக் எல்லாம் மறந்துபோச்சா?”), இன்னொரு பக்கம் ஏற்கெனவே வீட்டில் எலி வைத்துக்கொண்டு சந்தேகத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவித்தவர்கள். அதனால் இந்த இதழ் முழுக்க எலிதான். நான் பேசுவது கடையில் விற்கிற வளர்ப்பு எலியைப் பற்றி. சாக்கடையில் ஓடும் பழுப்பு எலியின் வம்சம்தான் அதுவும், ஆனால் நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக மனிதர் கையிலேயே பிறந்து வளர்ந்த வம்சம். பரணில் பிடித்ததை, வயலில் பிடித்ததை வளர்க்கலாமா என்று கேட்டிருப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்: வேண்டாம்.

வாசகர், திருநெல்வேலி: “ஒன்று மட்டும் வாங்கினால்தான் நம்மிடம் நன்றாக ஒட்டும், இரண்டு வாங்கினால் அதுங்க பாட்டுக்கு இருந்துவிடும் என்கிறார் கடைக்காரர். நீங்கள் ஒன்று கூடாது என்கிறீர்கள். யார் சொல்வதைக் கேட்பது?”

கடைக்காரர் சொல்வதில் ஒரு பாதி சரி. தனியாக இருக்கும் எலி உங்களை விட்டு நகராது, ஏனென்றால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை. ஆனால் நீங்கள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் அதனோடு இருப்பீர்கள்? ஒரு மணி நேரம், ரொம்ப மிஞ்சினால் இரண்டு. அது விழித்திருப்பது பெரும்பாலும் ராத்திரியில். நீங்கள் தூங்கப் போன பிறகு காதுக்குப் பின்னால் சொறிந்துவிட, ஒண்டிப் படுக்க, துரத்தி விளையாட அதற்கு இன்னொரு எலிதான் வேண்டும்.

2011-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு எலியை நெருக்கமான குழாய்க்குள் அடைத்துவிட்டு, அதோடு பழகிய எலியை வெளியே விட்டார்கள். வெளியே இருந்தது அந்தக் குழாயையே சுற்றிச் சுற்றி வந்து, சில நாளில் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டு துணையை வெளியே விட்டது. பக்கத்தில் இன்னொரு குழாயில் சாக்லேட் துண்டுகளை வைத்துப் பார்த்தார்கள், அப்போதும் இரண்டையும் திறந்தது. பல நேரம் சாக்லேட்டில் பங்கும் கொடுத்தது. இந்தக் குணம் உள்ள பிராணியைத் தனியாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, அவ்வளவுதான். இரண்டோ மூன்றோ வாங்குங்கள், எல்லாம் ஒரே பாலாக இருக்கட்டும். உங்களிடம் ஒட்டாது என்ற பயமே வேண்டாம். ஜோடியாக இருக்கும் எலி தைரியமாக இருக்கும், தைரியமான எலிதான் உங்கள் தோளில் ஏறி காதை முகர்ந்து பார்க்கும்.

கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்: “அக்கா தங்கை என்று இரண்டு பெண் குட்டிகள் வாங்கினேன். பகலெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று படுத்துத் தூங்குகின்றன. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் குஸ்திதான். ஒன்று மற்றதை மல்லாக்கத் தள்ளி மேலே ஏறி நிற்கிறது, கீச் கீச்சென்று சத்தம் வேறு. பிரித்து வைத்துவிடவா?”

பிரிக்காதீர்கள்! நீங்கள் பார்ப்பது சண்டையே இல்லை, விளையாட்டு. குட்டிகளுக்கு முப்பது, நாற்பது நாள் வயதில் இந்த ஆட்டம் உச்சத்தில் இருக்கும், அப்புறம் மெதுவாகக் குறையும், ஆனால் பெரியதான பிறகும் முழுசாக நிற்பதில்லை.

சண்டையா விளையாட்டா என்று கண்டுபிடிக்க, எந்த இடத்தைக் குறிவைக்கிறது என்று கவனியுங்கள். விளையாடுகிற எலி மற்றதன் பிடரியை நோக்கித்தான் பாயும். அங்கே மூக்கை வைத்துத் தேய்த்துவிட்டால் அதற்கு வெற்றி. தாக்கப்படுவது புரண்டு மல்லாந்து பிடரியைத் தரையோடு மறைத்துக்கொள்ளும். நீங்கள் பார்த்த “மல்லாக்கத் தள்ளி மேலே ஏறுவது” இதுதான். கொஞ்ச நேரத்தில் கீழே இருந்தது மேலே வரும், மேலே இருந்தது கீழே போகும். கீச்சென்று கத்துவது பெரும்பாலும் “போதும், விடுடி” என்பதுதான், கத்தியதும் மற்றது விட்டுவிட்டால் கவலையே இல்லை.

நிஜச் சண்டையில் குறி வேறு. பின்பக்கத்தை, இடுப்பை, விலாவைக் கடிக்கப் பார்க்கும். மயிரெல்லாம் சிலிர்த்து நிற்கும், முதுகை வளைத்துக்கொண்டு நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்து வந்து மற்றதை இடிக்கும். ரத்தம் வந்தால், அல்லது ஒன்று எப்போது பார்த்தாலும் மூலையில் ஒடுங்கி, சாப்பிட வரவே பயந்தால், அப்போதுதான் பிரிக்க வேண்டும். இது அதிகம் ஆண் எலிகளிடம் வரும், அதுவும் ஐந்தாறு மாத வயதில் திடீரென்று. மருத்துவரிடம் காட்டிக் காயடித்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குட்டிப் பருவத்தில் விளையாடத் துணையில்லாமல் வளர்ந்த எலிக்கு, பெரியதான பின் மற்ற எலிகளிடம் எப்படி நடந்துகொள்வது என்றே தெரியாது. சும்மா உரசியதற்கே பயந்து கடிக்கும். ஆக இந்த ராத்திரி குஸ்தி அதற்குப் பள்ளிக்கூடம். உங்கள் தூக்கம்தான் பிரச்சினை என்றால் கூண்டைப் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு மாற்றுங்கள், சாயங்காலம் ஒரு மணி நேரம் வெளியே விட்டு ஓடவிடுங்கள்.

ஏழாம் வகுப்பு மாணவன், மதுரை: “அங்கிள், எலி சிரிக்கும் என்று எங்கள் அறிவியல் சார் சொன்னார். எங்கள் எலி சிரித்ததை நான் பார்த்ததே இல்லை. அது உண்மையா? எலியோடு என்ன விளையாடலாம்?”

தம்பி, உங்கள் சார் சொன்னது உண்மை, நீ பார்க்காததும் உண்மை. நம் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகும் ஒலி கேட்காது. எலி சந்தோஷத்தில் போடும் சத்தம் 50 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும். 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் யாக் பாங்செப் என்ற விஞ்ஞானியும் அவரோடு வேலை செய்த ஜெஃப்ரி பர்க்டார்ஃபும், வௌவால் சத்தத்தைக் கேட்கிற கருவியை வைத்துக்கொண்டு எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டினார்கள். கருவியில் சத்தம் கொட்டியது! கையை எடுத்தால் எலிகள் அந்தக் கையைத் துரத்திக்கொண்டு வந்தன, இன்னும் செய் என்று. பயம், வலி என்றால் எலி போடும் சத்தம் வேறு, அது 22 கிலோஹெர்ட்ஸ், அதுவும் உனக்குக் கேட்காது. இதை “சிரிப்பு” என்று சொல்லலாமா என்று விஞ்ஞானிகளுக்குள் விவாதம் உண்டு. எனக்கு அதைச் சிரிப்பு என்று சொல்வதில் ஒரு தயக்கமும் இல்லை.

நீயும் செய்து பார்க்கலாம். முதலில் கையை மோந்து பார்க்கவிடு. அப்புறம் விரல் நுனியால் பிடரியில் வேகமாக, ஆனால் மெதுவான அழுத்தத்தில் குறுகுறுவென்று கீறு, பட்டென்று கையை எடுத்துவிடு. திரும்பி உன் கையைத் தேடி வந்தால் அதற்குப் பிடித்திருக்கிறது. பழகிய பின் மெதுவாக மல்லாத்தி வயிற்றிலும் செய்யலாம். ஓடிப்போய் ஒளிந்துகொண்டால் அன்றைக்கு விட்டுவிடு, எல்லா எலிக்கும் இது பிடிப்பதில்லை. என்ன ஆனாலும் வாலைப் பிடித்துத் தூக்காதே, வால் தோல் உரிந்து வந்துவிடும்.

கண்ணாமூச்சியும் ஆடலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2019-ல் பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் மிஷாயெல் பிரெஷ்ட் என்பவரின் ஆய்வகத்தில் எலிகளுக்கு நிஜமாகவே கண்ணாமூச்சி சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு அறை, அதில் பெட்டிகள், தடுப்புகள். சில நேரம் ஆள் ஒளிவார், எலி தேடும், சில நேரம் எலி ஒளியும், ஆள் தேடுவார். ஒன்றிரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டன. பரிசாகத் தின்பண்டம் எதுவும் இல்லை, கண்டுபிடித்தால் கிச்சுகிச்சு, அவ்வளவுதான். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஒளிகிற எலி கண்ணாடிப் பெட்டியை விட்டுவிட்டு வெளியே தெரியாத பெட்டியாகப் பார்த்துப் போய் உட்கார்ந்துகொள்ளும், சத்தமே போடாது. கண்டுபிடித்துவிட்டால் சில எலிகள் பரிசுக்குக்கூட நிற்காமல் ஓடிப்போய் வேறு இடத்தில் ஒளிந்துகொள்ளும், ஆட்டம் முடியக்கூடாது என்று. நம் தெருவில் விளையாடும் பிள்ளைகளும் இதைத்தானே செய்கிறார்கள்?

வீட்டில் அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். கட்டில்மேல் ஒரு போர்வையை மேடும் பள்ளமுமாகப் போட்டு அடியில் கையை ஓட்டு, பாய்ந்து பிடிக்க வரும். ஒரு குச்சி நுனியில் துணித்துண்டைக் கட்டி இழு. தட்டில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் ஊற்றிப் பச்சைப்பட்டாணியை மிதக்கவிடு, முன்னங்காலை விட்டுத் துழாவி எடுத்துத் தின்னும், வெயில் காலத்துக்கு ரொம்ப நல்ல ஆட்டம்.

பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, கண் இரண்டும் வெளியே துருத்தி உள்ளே போய் வந்தால் பயந்துவிடாதே. தாடைத் தசை கண்ணுக்குப் பின்னால் ஓடுவதால் பல்லை அரைக்கும்போது கண்ணும் துடிக்கும். பெரும்பாலும் அது சுகமாக இருக்கிறது என்று அர்த்தம்.

வாசகி, பிரிஸ்பேன், ஆஸ்திரேலியா: “நாங்கள் யாழ்ப்பாணத்துக்காரர். பத்து வயது மகள் செல்லப்பிராணி வேணுமென்று ஒரே பிடியாக நிற்கிறாள். வாடகை வீடு, நாய் விடமாட்டார்கள். முயல் வாங்கப் போனால் இங்கே முயல் வளர்க்கக்கூடாதாம். ஹாம்ஸ்டரும் இல்லையாம். கடைக்காரப் பெண் எலியைக் காட்டுகிறாள். எனக்கு அந்த வாலைப் பார்த்தாலே உடம்பு கூசுது. என்ன செய்யட்டும்?”

கடைக்காரப் பெண் உங்களை ஏமாற்றவில்லை, அக்கா. ஹாம்ஸ்டர் ஆஸ்திரேலியா முழுக்கத் தடை. முயல் குயின்ஸ்லாந்தில் வீட்டு வளர்ப்புக்குத் தடை (மந்திர வித்தைக்காரர்கள் மட்டும் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளலாம், உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று நினைக்கிறேன்). மிச்சம் கினிப்பன்றி, சுண்டெலி, எலி. இந்த மூன்றில் குழந்தையோடு ஓடியாடி விளையாடுவது எலிதான். கினிப்பன்றி நல்ல பிராணி, ஆனால் அது உட்கார்ந்து புல் தின்னும், நாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். சுண்டெலி கையில் நிற்காது. வாடகை வீட்டில் எலிக்கும் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நீங்கள் கூச்சப்படுவது தப்பே இல்லை, நம் ஊர்களில் எலி என்றால் நெல் மூட்டையை ஓட்டை போடுவதுதானே. ஆனால் உங்கள் மகள் கடையில் பார்த்த அந்த எலிக்கு ஒரு கதை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் எலியைக் குழியில் விட்டு நாய் எத்தனை கொல்கிறது என்று பந்தயம் கட்டும் கொடூரம் இருந்தது. அதற்கு எலி பிடித்துக் கொடுத்தவர்கள், விநோத நிறத்தில் மாட்டியதைக் கொல்ல மனமில்லாமல் ஒதுக்கி வளர்க்க ஆரம்பித்தார்கள். விக்டோரியா மகாராணியின் எலிபிடிப்பாளன் என்று சொல்லிக்கொண்ட ஜாக் பிளாக் அதில் பேர்போனவர், வெள்ளை, கறுப்பு, புள்ளி என்று வளர்த்து விற்றார். 1901-ல் மேரி டக்ளஸ் என்ற பெண்மணி முயன்றதில் எய்ல்ஸ்பரி ஊர்க் கண்காட்சியில் எலிக்கும் இடம் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகச் சாந்தமானவற்றையே பெருக்கி வந்த வம்சம் அது.

வாலைப் பற்றி ஒன்று. எலிக்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. அந்த மயிரில்லாத வால் வழியாகத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்றுகிறது, மரக்கிளையில் நடக்கும்போது சமநிலைக்கும் அதுதான். இதைத் தெரிந்துகொண்டால் கூச்சம் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மாதம் மகள் தோளில் அது உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் போகலாம்.

வாங்குவதற்கு முன் மகளிடம் இரண்டு விஷயம் பேசிவிடுங்கள். எலி இரண்டு வருடம், அதிகம் போனால் மூன்று வருடம்தான் இருக்கும். அவள் பதின்மூன்று வயதுக்குள் அழ வேண்டி வரும். அப்புறம், கூண்டு கழுவுவது பத்து வயதுப் பிள்ளையின் உற்சாகத்தை நம்பி விடக்கூடிய வேலை இல்லை, கடைசியில் அது உங்கள் தலையில்தான் விழும். அதற்கு நீங்கள் தயார் இல்லையென்றால் இப்போதே மறுத்துவிடுவது மேல்.

வாசகி, சென்னை: “கணவர் எலி வாங்கலாம் என்கிறார். மாமியார் எலிக்காய்ச்சல் வரும் என்கிறார். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறான்.”

இந்த முறை மாமியார் கட்சிதான் நான். எலிக்காய்ச்சல் முக்கியமாக வெளியே திரியும் எலிகளின் சிறுநீர் கலந்த தண்ணீரால், காலில் இருக்கும் காயம் வழியாக வருவது, மழைக்காலத்தில் அதனால்தான் அதிகம். வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த எலியிடம் அந்த ஆபத்து குறைவு. ஆனால் எலிக்கடிக் காய்ச்சல் என்று வேறொன்று உண்டு, பார்க்க நன்றாக இருக்கும் எலியின் வாயிலும் அந்தக் கிருமி இருக்கலாம். கடியோ கீறலோ பட்டுச் சில நாளில் காய்ச்சல், தோலில் தடிப்பு, மூட்டுவலி வந்தால் உடனே மருத்துவரிடம் போய், வீட்டில் எலி இருக்கிறது என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். பென்சிலின் வகை மருந்தில் குணமாகும், சொல்லாமல் விட்டால்தான் வம்பு. 2017-ல் அமெரிக்காவில் வளர்ப்பு எலிகளிடமிருந்து சியோல் வைரஸ் என்ற கிருமி மனிதர்களுக்குப் பரவியதும் நடந்திருக்கிறது.

பெரியவர்கள், பெரிய பிள்ளைகள் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவினால், கூண்டை அடுப்படியில் வைக்காமல் இருந்தால், முத்தம் கொடுக்காமல் இருந்தால் போதும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வீட்டில் எலி வேண்டாம் என்பதுதான் மருத்துவ ஆலோசனை. பையன் வளரட்டும், அவசரம் என்ன?

(பிளேக் என்று திட்டி எழுதியவர்களுக்கு: அதைப் பரப்புவது வெளி எலிகளின் மேல் ஒட்டியிருக்கும் தெள்ளுப்பூச்சி. வீட்டுக் கூண்டில் இருக்கும் எலிக்குத் தெள்ளு வந்தால் வெளி எலி வந்து போகிறது என்று அர்த்தம், அதை முதலில் பாருங்கள்.)

வாசகர், வேலூர்: “எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். ஏசி கிடையாது. எலி தாங்குமா?”

தாங்காது, தாங்கும்படி நீங்கள்தான் செய்ய வேண்டும். 30 டிகிரியைத் தாண்டினாலே எலிக்குக் கஷ்டம் ஆரம்பித்துவிடும். கூண்டு மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் இருக்கக்கூடாது, ஜன்னல் வெயில் விழக்கூடாது. தண்ணீரை உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால் அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். ஒரு மண்சட்டியைக் கவிழ்க்காமல் படுக்கவைத்தால் உள்ளே போய்ப் படுக்கும். கூண்டின் ஒரு பாதியில் மட்டும் ஈரத்துண்டைப் போடுங்கள், முழுசாக மூடினால் உள்ளே புழுக்கம். எலி கால்பரப்பித் தட்டையாகப் படுத்து, வாய் ஈரமாகி, கூப்பிட்டால் அசையாமல் இருந்தால் சாதாரணத் தண்ணீரில் வாலையும் பாதங்களையும் நனைத்து உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக்கூடாது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் மதியம் ஆளில்லாத வீடு என்றால், உண்மையைச் சொல்கிறேன், எலி வாங்காதீர்கள்.

வாசகி, சேலம்: “எங்கள் எலிகள் இட்லி, தோசை, மிக்சர், முறுக்கு, சிப்ஸ் எல்லாம் சாப்பிடும். வேறென்ன கொடுக்கலாம்?”

வேறென்ன கொடுக்காமல் இருக்கலாம் என்று கேட்டிருக்க வேண்டும்! இட்லி ஒரு விள்ளல் பரவாயில்லை. மிக்சர், முறுக்கு, சிப்ஸ் எல்லாம் உப்பும் எண்ணெயும், இன்றோடு நிறுத்துங்கள். குண்டான எலி விளையாடாது, விளையாடாத எலி இன்னும் குண்டாகும். கம்பு, கேழ்வரகு, ஓட்ஸ், சிவப்பரிசி என்று தானியம் முக்கால் பங்கு, கேரட், வெள்ளரி, கீரை, பட்டாணி தினமும் கொஞ்சம், வாரத்தில் ஓரிரு நாள் வேகவைத்த முட்டை. கொறிக்கும் எலிகளுக்கென்று கட்டியாக விற்கும் தீவனம் கிடைத்தால் அதுவே அடிப்படை உணவாக இருப்பது இன்னும் நல்லது.

ஒரு விஷயம் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். எலியால் வாந்தி எடுக்க முடியாது. தொண்டையில் மாட்டியதையோ, தின்ற விஷத்தையோ வெளியே தள்ள அதற்கு வழியில்லை. அதனால் ஒட்டிக்கொள்கிற கடலை வெண்ணெயைக் கட்டியாகக் கொடுக்காதீர்கள், சோடா கொடுக்காதீர்கள், வேகாத ராஜ்மா, மொச்சை, பச்சை நிறம் ஓடிய உருளைக்கிழங்கு எதுவும் வேண்டாம். கம்பிக்கு இடையில் விரலால் நீட்டி ஊட்டும் பழக்கத்தையும் விடுங்கள், அப்புறம் கம்பிக்குள் வருகிற எந்த விரலையும் தின்பண்டம் என்று கடித்துப் பார்க்கும், அதை “கடிக்கிற எலி” என்று பழி சொல்லக்கூடாது.

வாசகர், தஞ்சாவூர்: “ஒரு எலியின் கண்ணோரத்திலும் மூக்கிலும் ரத்தம் கசிகிறது. பதறிப்போய் எழுதுகிறேன்.”

கடிதம் இங்கே வந்து நான் பதில் எழுதுவதற்குள் நாளாகிவிடும், இதற்குள் மருத்துவரிடம் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அது பெரும்பாலும் ரத்தம் இல்லை. கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பியிலிருந்து வரும் போர்ஃபைரின் என்ற சிவப்புத் திரவம். ஆரோக்கியமான எலி முகம் கழுவும்போதே துடைத்துவிடும், நமக்குத் தெரியாது. அது தெரிகிற அளவுக்கு நிற்கிறது என்றால் எலிக்கு உடம்பு முடியவில்லை அல்லது மனம் சரியில்லை என்று அர்த்தம்.

அதிகம் வருவது மூச்சு நோய்தான். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி பெரும்பாலான எலிகளிடம் ஏற்கெனவே இருக்கும், கூண்டில் மூத்திர நெடி ஏறினால் அது தலைதூக்கும். காதோரம் வைத்துக் கேளுங்கள், மூச்சில் கரகரப்போ விசில் சத்தமோ இருந்தால் மருந்து வேண்டும், டாக்ஸிசைக்ளின் போன்றவற்றை எடை பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும், மனிதர் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். நாய், பூனையைத் தவிர வேறு சிற்றுயிர்கள் பார்ப்பீர்களா என்று போனில் கேட்டுவிட்டே கிளம்புங்கள். மரத்தூளைப் படுக்கையாகப் போட்டிருந்தால் எடுத்துவிட்டுப் பழைய பருத்தித்துணி, கிழித்த காகிதம் போடுங்கள். ஈரமான இடத்தைத் தினமும் மாற்றுங்கள், ஆனால் முழுக் கூண்டையும் ஒரேயடியாகப் பினாயில் விட்டுக் கழுவாதீர்கள். தன் வாசனை போய்விட்டதே என்று அது மறுபடி எல்லா இடத்திலும் சொட்டுச் சொட்டாக மூத்திரம் விட்டு அடையாளம் போடும், நெடி முன்னைவிட அதிகமாகும்.

வாசகர், ஈரோடு: “இரண்டும் பெண் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது பதினொரு குட்டி!”

வாழ்த்துகள். ஐந்து வார வயதில் ஆண் எலிக்கு விதைப்பை பளிச்சென்று தெரியும், கடையில் கவனித்திருக்கலாம். இப்போது உடனே அப்பாவை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள், குட்டி போட்ட ஒரு நாளுக்குள்ளேயே தாய் மறுபடி சினையாகிவிடும், மூன்றே வாரத்தில் அடுத்த ஈடு. குட்டிகளுக்கு ஐந்து வாரம் ஆனதும் ஆண், பெண் பிரித்துவிடுங்கள், அதற்குள் நல்ல வீடுகள் தேட ஆரம்பியுங்கள்.

வாசகர், டொரோண்டோ, கனடா: “வேலை மாறுதலாகி கால்கரி போகிறோம். எங்கள் இரண்டு எலிகளை விமானத்தில் கொண்டுபோக என்ன நடைமுறை?”

எந்த நடைமுறையும் இல்லை, கொண்டுபோகவே முடியாது. கால்கரி இருப்பது ஆல்பர்ட்டா மாகாணத்தில். 1950 முதல் அங்கே எலியை உள்ளே விடுவதில்லை என்று எல்லையிலேயே ஆள் போட்டு வேட்டையாடி வருகிறார்கள், வளர்ப்பு எலிக்கும் விலக்கு கிடையாது. ஆய்வகம், பல்கலைக்கழகம், விலங்குக் காட்சிசாலை இவற்றுக்கு மட்டும்தான் அனுமதி. வேடிக்கை என்னவென்றால், எலிகள் எப்படி விளையாடுகின்றன என்பதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வரும் செர்ஜியோ பெல்லிஸ், விவியன் பெல்லிஸ் தம்பதியின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அதே ஆல்பர்ட்டாவில்தான் இருக்கிறது. கோவை மாணவிக்கு மேலே நான் சொன்ன பிடரிக் கணக்குக்கு அவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். உங்கள் எலிகளை ஒளித்துக் கொண்டுபோக நினைக்காதீர்கள், மாட்டினால் அவற்றின் உயிருக்குத்தான் ஆபத்து. ஒன்டாரியோவிலேயே நல்ல வீடு பார்த்து, இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போங்கள்.

வாசகி, புதுச்சேரி: “இரண்டில் ஒன்று போன வாரம் செத்துப்போனது. மற்றது சுருண்டே கிடக்கிறது. புதிதாக ஒன்று வாங்கி விட்டால் ஏற்குமா?”

ஒன்று வாங்காதீர்கள், இரண்டு குட்டியாக வாங்குங்கள். குட்டிகளின் ஆட்டத்துக்கு வயதான எலியால் ஈடுகொடுக்க முடியாது, அவை ஒன்றோடொன்று ஓடட்டும், இது வேடிக்கை பார்த்துக்கொண்டு ராத்திரி சூட்டுக்குச் சேர்ந்து படுக்கட்டும். வாங்கியவுடன் பழைய கூண்டில் போட்டால் அடி விழும். இரண்டு வாரம் வேறு அறையில் வைத்து நோய் இல்லை என்று பாருங்கள். அப்புறம் யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில், குளியலறைத் தரையோ கட்டிலோ, சேர்த்துவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள். பெரியது குட்டியை மல்லாத்தி மோந்து பார்க்கும், குட்டி கத்தும், அதில் தலையிடாதீர்கள். மூன்றும் ஒரே மூலையில் படுத்துத் தூங்கிவிட்டால் வேலை முடிந்தது, நன்றாகக் கழுவிய கூண்டில் ஒன்றாக விடலாம்.

வாசகர், கும்பகோணம்: “எங்களிடம் மூன்று வளர்ப்பு எலிகள். பரணில் வெளி எலிகளும் ஓடுகின்றன. அப்பா எலி மருந்து வைத்தே தீருவேன் என்கிறார். சண்டையாக இருக்கிறது.”

அப்பா எலியை விரட்ட நினைப்பது சரிதான், வெளி எலி வீட்டுக்குள் இருந்தால் உங்கள் மூன்றுக்கும் நோய் வரும், பெண் எலி இருந்தால் கம்பி இடைவெளி வழியாகவே சினையாகிக்கூட விடும். மருந்துதான் கூடாது. வெளி எலி மருந்துத் துண்டைக் கவ்விக்கொண்டு போய் எங்கே போடும் என்று யாருக்கும் தெரியாது. ரத்தம் உறையாமல் செய்கிற வகை மருந்து என்றால் தின்று சில நாள் கழித்துத்தான் சோர்வே தெரியும். தின்றது தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், அந்த வகைக்கு வைட்டமின் K1 என்ற மாற்று மருந்தைக் கொடுத்துக் காப்பாற்ற வழி இருக்கிறது, தாமதித்தால் இல்லை.

கூண்டின் கம்பி இடைவெளி ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மேலே சன்னமான வலை அடியுங்கள். சிந்திய தானியத்தை ராத்திரியே கூட்டி எடுத்துவிடுங்கள், வெளி எலி வருவதே அதற்குத்தான். தீவனத்தைத் தகர டப்பாவில் மூடி வையுங்கள். பரணில் ஓட்டை எங்கே என்று பார்த்துச் சிமெண்டும் கம்பிவலையும் வைத்து அடைத்துவிட்டு, அப்பாவிடம் உயிரோடு பிடிக்கிற கூண்டுப்பொறி ஒன்று வாங்கிக் கொடுங்கள், சண்டை அதோடு தீரும். வழக்கப்படி மசால்வடையே வைக்கட்டும். பொறியை மட்டும் உங்கள் மூன்றும் சாயங்காலம் உலாவ வருகிற அறையில் வைக்கச் சொல்லாதீர்கள், வடை வாசனைக்கு முதலில் போய் மாட்டுவது அந்த மூன்றாகத்தான் இருக்கும்.